சிற்றுருவக் கலையும் வரலாற்றுக் கல்வியும்

தோற்றுவாய்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பயின்றோர் அதன் பத்துப் பருவங்களையும் அறிவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றிலாவது சிறுமியர் மணலாற் கட்டி விளையாடும் சிறுவீடு. பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைத் தன் காலாற் சிதைக்க வருகின்றான். சிதைக்க வேண்டாவென்று சிறுமியர் இரந்து நிற்கின்றனர். சிறுதேராவது குழந்தைகள் உருட்டி மகிழும் விளையாட்டுத் தேர். மூன்று உருளையுடைய அத்தகைய தேரொன்று பட்டினப்பாலையிலும் பேசப்படுகின்றது. வடமொழியிலே சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகம் ஒரு குழந்தையின் களிமண் வண்டியாற் பெயர் பெற்றது. அதனைத் தமிழாக்கிய பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தம் நூலுக்கு மண்ணியற் சிறுதேர் என்றே பெயரிட்டார்.

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கையகத்தே வைத்துப் பார்க்கும் விருப்பம் மனிதனுக்கு இயல்பாயுள்ளது என்பது இவற்றாற் புலனாகும். இவ்விருப்பம் குழந்தைப் பருவத்தோடு நீங்கிவிடுவதன்று. வரலாற்று மாந்தரையும் படைவீரரையும், கோட்டை, கோயில், மாளிகை முதலிய கட்டடங்களையும் அளவு பிசகாது சிறிதாகச் சமைத்து, அவற்றுக்கு உரிய வண்ணந் தீட்டுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட முதியோர் இன்று உலகின் பல நாடுகளிலும் உளர். இதனை நாம் சிற்றுருவக் கலை என வழங்குவோம். இது வெறும் விளையாட்டன்று; வரலாற்றைக் கற்பதற்கும், கற்றதனைச் சோதிப்பதற்கும் ஏற்ற ஒரு வழியாகும் என்பதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் காலத்துச் சிற்றுருவங்கள்

எகிப்து நாட்டிலே ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அசியூத் என்னும் இடத்தில் மெசெகிதி என்னும் தலைவன் ஒருவன் வாழ்ந்தான். அவனுடைய கல்லறையிலிருந்து மரத்தாற் செய்த இரு சிறு படைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்றில் ஈட்டியுங் கேடயமுந் தாங்கிய எகிப்திய வீரர் நாற்பதின்மர். மற்றொன்றில் வில்லேந்திய நூபிய வீரர் நாற்பதின்மர். இவர்கள் பத்து வரிசையில் நந்நான்கு பேராய் அணிவகுத்துச் செல்கின்றனர். எல்லா வீரரும் ஒரே உயரத்தினர் அல்லர். கேடயங்களின் கோலமும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அக்காலத்து எகிப்தியன் எந்நிறத்து ஆடையை எவ்வாறு உடுத்தான், கேடயத்தை எக்கையில் எவ்வாறு பற்றினான் என்பவற்றை நீண்ட உரைநடையினும் தெளிவாக அம்மரப் பாவைகள் நமக்கு உணர்த்துகின்றன.

பிரான்சு தேசத்து மன்னன் பதினான்காம் லூயியின் காலத்தில் இக்கலை அரச கருமமாயிற்று. அவனுடைய போர் அமைச்சர் லூவுவா என்பார் 1668ஆம் ஆண்டிலே எல்லைப்புறக் கோட்டை நகரங்களுக்கு மாதிரியுருக்கள் செய்விக்கத் தொடங்கினார். மரத்தாற் கட்டடங்களும், கடதாசியால் அவற்றின் முகப்புக்களும், பட்டு நூலால் மரஞ்செடிகளும், மணலால் நிலமும் அமைக்கப்பட்டன. பகைவர் எத்திசையில் அணுகுவர், எம்மேட்டிலிருந்து பீரங்கி சுடுவர் என்பவற்றை அரண்மனையில் இருந்தவாறே மன்னனும் படைத்தலைவரும் ஆராய்ந்தனர். பகைவர் கையிற் சிக்கலாகாத இராணுவ இரகசியங்களாக அவை போற்றப்பட்டன. 1815ஆம் ஆண்டில் நெப்போலியன் தோற்றபின் பாரிசு நகருட் புகுந்த பிரசியர் அவற்றுட் சிலவற்றைப் பேர்லினுக்கு எடுத்துச் சென்றமையே அவற்றின் பெறுமதிக்குச் சான்றாம். எஞ்சியவற்றுட் பல இன்றும் பாரிசு நகரத்து இன்வலீது மாளிகையிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

பின்னர் இக்கலை பொதுமக்கள் கைக்கும் வந்தது. செருமனியில் நூரன்பேர்க்கு நகரத்தார் வெள்ளீயத்தால் தட்டையான போர்வீரர் உருக்களை வார்த்து விற்றனர். இங்கிலாந்தில் 1893ஆம் ஆண்டில் வில்லியம் பிரித்தன் கம்பனியார் உள்ளே வெறுமையான ஈய உருக்களை வார்க்கும் முறையைக் கண்டனர். ஈயம் குறைவாகச் செலவாயினமையின் விலையும் குறைந்தது. எச். ஜி. வெல்சு என்னும் நாவலாசிரியர் இத்தகைய உருக்களைக் கொண்டு போர் விளையாட்டு ஆடுதற்குரிய விதிகளை வகுத்து 1913ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஈயம் நஞ்சென்பது உணரப்பட்டபின் பிளாத்திக்கும் பிசின் வகைகளும் அதனிடத்தைப் பெரும்பாலும் பெற்றன.

அளவுத்திட்டம்

இக்கலையின் இலக்கணம் அளவுத்திட்டமாகும். எழுத்ததிகாரம் அறியாதான் சொல்லதிகாரத்துட் புக முடியாதவாறு போல, அளவுத்திட்டம் அறியாதான் இக்கலையுட் புகல் இயலாது.

சிற்றுருவஞ் செய்வோரிடையே பெருவழக்காயுள்ள அளவுகளுள் ஒன்று எழுபத்திரண்டில் ஒன்று என்பது. அதன் காரணம் எளிது. ஆறடி உயரமுள்ள மனிதன் எழுபத்திரண்டு அங்குலம் உடையவன்; அவனை எழுபத்திரண்டில் ஒன்றாக்கினால் ஓர் அங்குலமாவான். மனிதன் ஓர் அங்குலமெனக் கொண்டால், முப்பதடி உயரமான மதில் ஐந்து அங்குலமாகும். இதுவரை இடர் இல்லை. ஆனால் ஆயிரம் அடி நீளமான மதிலைச் செய்யப் புகுந்தால் அது ஏறக்குறைய பதினான்கு அடியாகிவிடும். வகுப்பறையில் அதற்கு இடமிராது.

முன்னர்க் கூறிய பிரான்சிய மாதிரியுருக்கள் அறுநூற்றில் ஒன்று என்னும் அளவின. அவ்வளவில் ஆயிரம் அடி மதில் இருபது அங்குலத்துள் அடங்கும். ஆனால் ஆறடி மனிதன் மூன்று மில்லிமீற்றர் ஆகிவிடுவான். அவனுக்கு முகமும் இல்லை, கையும் இல்லை. ஆகவே கட்டடத்தை முழுமையாகக் காட்ட விரும்புவோன் மனிதனை இழப்பான்; மனிதனைக் காட்ட விரும்புவோன் கட்டடத்தின் ஒரு மூலையோடு அமைய வேண்டும். எதனைக் காட்டப் போகின்றோம் என்பதனை முதலில் துணிந்து, அதன்பின்னரே கத்தியைக் கையில் எடுத்தல் வேண்டும். வரலாறு எழுதுவோர்க்கும் இவ்விதி பொருந்துமன்றோ? ஓரரசின் கதையை முழுதும் எழுதுவோன் ஓர் உழவனின் முகத்தைக் காட்ட மாட்டான்.

வண்ணந் தீட்டுதல்

வண்ணந் தீட்டுவதிற் புதியோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. சிவப்புச் சட்டையென்றாற் கடையில் வாங்கிய சிவப்பினை அப்படியே பூசிவிடுவர். கண்ணென்றால் வெள்ளையும் கருமையும் பளிச்சிடப் புள்ளி இடுவர். முடிவில் அவ்வுரு வீரனாகத் தோன்றாது. திருவிழாக் கடைப் பொம்மையாகவே தோன்றும்.

காரணம் யாதெனில், ஓர் அங்குல உருவினை ஓரடி தூரத்தில் வைத்து நாம் பார்க்கின்றோம். எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவுப்படி அது உண்மையான மனிதனை எழுபத்திரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்தற்குச் சமமாகும். அத்தூரத்தில் நிற்கும் ஒருவனின் கண்வெள்ளையை நாம் காண்பதில்லை. புருவத்தின் கீழ் ஒரு நிழலையே காண்கின்றோம். அவன் உடையின் நிறமும் இடைநின்ற காற்றினாற் சிறிது மங்கியே தெரியும். ஆதலாற் கண்ணுக்குப் பதிலாக மெல்லிய கபில நிழல் போதும். நிறங்களோடு சிறிது சாம்பல் நிறமேனும் வெள்ளையேனும் கலந்துகொள்ளல் வேண்டும்.

மற்றொன்று ஒளியும் நிழலும் பற்றியது. பெரிய உடலின் ஆடை மடிப்பில் நிழல் தானே வீழும். சிற்றுருவின் மடிப்பு மிக ஆழங்குறைந்ததாதலின் அங்கு நிழல் போதிய அளவு வீழாது. எனவே நிழலையும் நாமே தீட்ட வேண்டும். முதலில் உருவைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்று இடுக. அதன்மேல் அவ்வவ் விடத்துக்குரிய நிறத்தை நீர் கலந்து மெல்லியதாக இருமுறை பூசுக. தடிப்பாக ஒருமுறை பூசினாற் செதுக்கிய நுணுக்கங்கள் மறைந்துபோம். பின்னர் அதே நிறத்திற் சற்றுக் கடுமையானதை நீர்போலக் கரைத்துத் தடவினால் அது வழிந்து பள்ளங்களிற் றங்கி நிழலாகும். ஈற்றில், தூரிகையிலுள்ள வெளிர்நிற மையைக் கடதாசியில் ஏறத்தாழ முழுதுந் துடைத்துவிட்டு, உலர்ந்த அத்தூரிகையால் மேடான இடங்களை மாத்திரம் வருடுக. ஒளி பட்டாற்போலத் தோன்றும். இவ்வளவும் செய்தற்குப் பொறுமையன்றி வேறு செல்வம் வேண்டியதில்லை.

சைபோனின் மாதிரியுரு

இக்கலையிற் கைத்திறனினும் மேலானதொன்று உண்டு. அது வாய்மை. இதற்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆங்கிலேயரின் கதையைக் கூறுதும்.

1815ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆந் திகதி வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது. வெலிங்கிடன் கோமகனின் படையும், புளூக்கர் தலைமையில் வந்த பிரசியப் படையும் நெப்போலியனை வென்றன. அப்போர்க்களத்திற்கு ஒரு மாதிரியுருச் செய்யும் பணி 1830ஆம் ஆண்டில் வில்லியம் சைபோன் என்னும் இளநிலைப் படையதிகாரியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் போர்க்களத்தின் நடுவிலிருந்த பண்ணைவீட்டிலே எட்டு மாதம் தங்கி நிலத்தின் ஏற்றத் தாழ்வுகளை அளந்தார். பின்னர்ப் போரிற் பங்குபற்றி உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணியளவில் உம்முடைய படைப்பிரிவு எங்கு நின்றது? எவ்வணியில் நின்றது? எதிரே பகைவர் யாவர்? வயலில் எப்பயிர் நின்றது? இவை அவர் வினாவியவை. நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்தன. ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றோடு மாறுபட்டது. எல்லாவற்றையும் ஒப்புநோக்கி, எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறு ஈய வீரரைக் களத்தில் நிறுத்தினார். இடையில் அரசாங்கம் பொருளுதவியை நிறுத்திவிட்டது. கடன்பட்டு வேலையை முடித்து 1838ஆம் ஆண்டில் இலண்டனிற் காட்சிக்கு வைத்தார்.

மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். ஆனால் அம்மாதிரியுருவில் மாலை ஏழு மணிக்குப் பிரசியர் பெருந்தொகையினராய்க் களத்தினுள்ளே நின்றனர். வெற்றியின் பெரும்பங்கு பிரசியருக்கே உரியதென்று அது காட்டுவதாக வெலிங்கிடனும் அவரைச் சார்ந்தோரும் எண்ணினர். பின்னர் சைபோன் பிரசிய வீரருட் பலரைக் களத்திலிருந்து அகற்றிவிட்டார். பெரியோரின் மனக்குறைக்கு அஞ்சி அகற்றினாரென்பாரும், தம் தவறுணர்ந்து அகற்றினாரென்பாரும் வரலாற்றறிஞருள் உளர். அவர் 1849ஆம் ஆண்டிற் காலமானார். அவர் செய்த அவ்வுரு இன்று இலண்டனிலுள்ள தேசிய இராணுவ அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. எனினும் அவர் திரட்டிய கடிதங்களே இன்று அம்மாதிரியுருவினும் பெறுமதி வாய்ந்தவையாய்க் கருதப்படுகின்றன. விடையிலும் வினா நெடிது வாழ்ந்தது என்க.

நம் மாணவர் செய்த கோட்டை

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லூரிப் பொருட்காட்சி ஒன்றிற்காக மாணவர் அறுவர் யாழ்ப்பாணக் கோட்டையின் மாதிரியுரு ஒன்றைச் செய்ய முன்வந்தனர். மேற்பார்வை நம்மிடம் வந்தது. அதிற் கற்றவற்றைக் கூறுதல் இக்கட்டுரைக்கு இயைபுடையதேயாம்.

முதல் வினா, எந்த ஆண்டின் கோட்டை என்பது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்கோணமானது. 1658ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினர். உள்ளரண் 1680ஆம் ஆண்டிலும் வெளியரண் 1792ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின. 1795ஆம் ஆண்டிற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகவே முழுமையான ஒல்லாந்தர் கோட்டையாக அது நின்றது மூன்றாண்டுகளே. மாணவர் 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தைத் தெரிந்துகொண்டனர்.

அளவு முந்நூற்றில் ஒன்று. இரு மேசைகளை இணைத்து மேலே பலகை பரப்பினர். மதில்களுக்குத் தடித்த அட்டையும் றெஜிபோமும். முருகைக்கல்லின் சொரசொரப்புக்குப் பசைமேல் அரித்த மணல். அகழிக்குக் கண்ணாடித் தகடு. ஓட்டுக் கூரைகளுக்கு நெளிவுக் கடதாசி. மாணவனொருவன் கடையிலிருந்து ஓர் அங்குல உயரமான சிப்பாய்கள் ஒரு பெட்டி வாங்கி வந்து கொத்தளத்தின் மேல் வரிசையாக நிறுத்தினான். அனைவரும் மகிழ்ந்தனர். கணக்குப் பார்த்தபோது ஒவ்வொரு சிப்பாயும் இருபத்தைந்து அடி உயரமான அரக்கனாயிருந்தான்! அன்றியும் அவர்கள் சிவப்புச் சட்டை அணிந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள். "சேர், இவையள் மேலே நிண்டால் கோட்டை பறிபோட்டுது எண்டெல்லோ அர்த்தம்?" என்று இளையவனொருவன் வினவினான். அவ்வினாவுக்காக அவனை மனத்துட் பாராட்டினோம். சிப்பாய்கள் பெட்டிக்குத் திரும்பினர். ஈர்க்குத் துண்டுகளை ஆறு மில்லிமீற்றர் அளவிற் சீவி நிறந்தீட்டி நிறுத்தியதே போதுமாயிற்று.

கோட்டையினுள்ளே 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. அது உள்நாட்டுப் போரில் அழிந்தது. மாணவர் அதனைக் கண்டவரல்லர். நாமும் சிறுவராயிருந்த காலத்திற் கோட்டைப் பக்கம் செல்ல இயலாதிருந்தமையின் கண்டதில்லை. தமக்குப் பழக்கமான தேவாலயங்களைப்போல நீண்ட மண்டபமொன்றைச் செய்து மாணவர் அங்கு வைத்தனர். அது சரிதானாவென்று தேடிப் பார்த்திருக்க வேண்டியது நம் கடமை. காலம் போதாதென்று கருதி, 'இருக்கட்டும், இதனை யார் உற்று நோக்கப் போகின்றார்' என்று விட்டுவிட்டோம்.

பொருட்காட்சிக்கு முதல்நாள் மாலை பழைய மாணவராகிய முதியவர் ஒருவர் வந்தார். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தேவாலயத்தருகே நின்று, "தம்பிமார், இது சிலுவை வடிவமாயெல்லோ இருந்தது; நாலு பக்கமும் கை நீட்டினது போல" என்றார். வேறொன்றுங் கூறவில்லை. நாம் மாணவரை நோக்கி, "ஒரு நாளிலே மாற்ற முடியாது, இப்படியே இருக்கட்டும்" என்றோம். சிவப்புச் சட்டையைப் பற்றி வினவிய அதே மாணவன், "பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் வைச்சிருக்கிறதோ, சேர்?" என்றான். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. வகுப்பறையில் வாய்மையைப் பற்றிய குறளுக்குப் பலமுறை உரை கூறிய நாம் அன்று ஓர் அட்டைத் துண்டின் முன்னே தலைகுனிந்தோம்.

அன்றிரவே அம்மண்டபம் பெயர்த்தெடுக்கப்பட்டது. புதியது செய்தற்கு நேரமில்லை. சிலுவை வடிவாக நிலத்தில் மணலைப் பரப்பி, 'இங்கு 1706ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தேவாலயம் இருந்தது. நாங்கள் அதைக் கண்டதில்லை. கண்டவர்கள் தயவுசெய்து எங்களுக்குக் கூறுங்கள்' என்று ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தனர். அருகே ஓர் அப்பியாசக் கொப்பியும் வைக்கப்பட்டது.

மறுநாள் வந்தோர் மதிலையும் அகழியையும் பார்த்து வியந்தனர். ஆனால் நெடுநேரம் நின்றது அவ்வெற்றிடத்தின் அருகிலேயே. முதியோர் பலர் கதிரை கேட்டு அமர்ந்து பேசினர். ஒருவர் உள்ளே பாவியிருந்த நினைவுக் கற்களைப் பற்றிக் கூறினார். மற்றொருவர் சுவரின் தடிப்பைத் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். இருவர் கூரையைப் பற்றித் தம்முள் மாறுபட்டனர். மாணவர் இருவர் கூற்றையும் பெயரும் திகதியும் இட்டு எழுதிக்கொண்டனர். பொருட்காட்சி முடிந்தபோது கொப்பியில் முப்பது பக்கத்துக்கு மேல் நிறைந்திருந்தது. அக்குறிப்புக்களையும் பழைய நிழற்படங்களையும் துணைக்கொண்டு மாணவர் அடுத்த தவணையிலே தேவாலயத்தைச் செய்து முடித்தனர். இம்முறை அது சிலுவை வடிவாகவே இருந்தது.

முடிவுரை

சிற்றுருவக் கலை அளவையும் பொறுமையையும் கற்பிக்கும். கையையும் கண்ணையும் பண்படுத்தும். இவை யாவரும் அறிந்தவை. அதனினும் மேலாக, அறியாததை அறியோம் என்று கூறும் துணிவை அது கற்பிக்கின்றது. ஏட்டிலே 'அழகிய தேவாலயம் ஒன்று இருந்தது' என்று எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். அட்டையிற் செய்யப் புகுந்தவனை அவ்வாறு செல்லவிடாது: எத்தனை வாயில்? எத்திசை? எவ்வடிவம்? என்று ஒவ்வொரு சுவரும் வினவும்.

பழைய மாணவரே, இவ்விழா மலரைப் பார்க்கும்போது உங்கள் காலத்துக் கல்லூரி உங்கள் உள்ளத்தில் எழுந்து நிற்கும். எந்த மண்டபத்திற்கு ஓலைக் கூரை இருந்தது? மணி எந்த மரத்திலே தொங்கியது? கிணறு எப்பக்கத்தில் இருந்தது? இன்று படிக்கும் மாணவர் இவற்றைக் கண்டவரல்லர். அவர்கள் கத்தியும் அட்டையும் பசையுமாய் ஆயத்தமாயிருக்கின்றனர். கல்லூரியின் பழைய வளவினை முந்நூற்றில் ஒன்றாகச் செய்ய விரும்புகின்றனர். உங்கள் பெட்டியடியிற் கிடக்கும் நிழற்படமொன்றையோ, நினைவிலுள்ள செய்தியொன்றையோ அவர்களுக்குத் தந்துதவுங்கள். உங்களுள் ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றோடு மாறுபடினும் தீங்கில்லை, இரண்டையும் எழுதிக்கொள்வர். அப்பியாசக் கொப்பி மேசையின்மேல் விரித்தபடியே இருக்கின்றது.